அடிசம் முதல் ரோதமுனி வரை: அம்மாவோடு கதை தேடிப் போன நாட்கள்

அடிசம் பங்களாவின் கேற்றுக்கு முன்னால் அம்மாவும் நானும் போய் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை. இலங்கை மலையகத்தில் உள்ள ஹப்புத்தளை டவுனில் இருந்து 3 கிலோமீற்றர் நடை. அம்மாவுக்கு 68 வயது. 35 வருஷம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய முழங்கால் அவருடையது. கேற் பூட்டியிருந்தது. உள்ளே பூப்பாத்தி கொத்திக்கொண்டிருந்த ஒருவர் மம்பட்டியை வைத்துவிட்டு வந்து, "சனி, ஞாயிறு, பௌர்ணமி போயா, அப்புறம் ஸ்கூல் லீவு நாள்லதான் தெறப்போம் ஐயா" என்றார். ஒரு வார்த்தை விசாரிக்காமல் அம்மாவை அவ்வளவு தூரம் நடக்க வைத்துவிட்டேனே என்ற உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது.

அம்மா கோபிக்கவில்லை. ரோட்டோர மதகுச் சுவரில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியை ஊற்றிக் குடித்தார். கேற்றுக் கம்பிகளுக்கு நடுவே தெரிந்த கருங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஒங்க அப்பாயியோட அப்பா இந்தக் கல்லத்தான் சொமந்தாராம்" என்றார். அப்பாயி இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் கதையை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கல் சுமந்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், மழை வந்து வேலை நின்றால் அரைப்பேர், கை நசுங்கினால் தோட்டத்து டிஸ்பென்சரி என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார். மாமியாரிடம் பீலிக்கரையில் துணி துவைக்கும்போது கேட்டதாம். கேற் திறந்திருந்தால் நேரே உள்ளே போயிருப்போம். இந்தக் கதை எனக்குக் கிடைத்திருக்காது.

அதே வாரம் சனிக்கிழமை, அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு திரும்பவும் போனோம். அவனுக்கு 12 வயது. இந்த முறை ஏறுவதற்கு ஆட்டோ பிடித்தேன். வாடகையை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துப் பேசுங்கள்.

அடிசம் நம் கண்ணுக்குக் கோட்டை மாதிரித்தான் தெரியும். கட்டியவர் நினைத்ததும் அதுதான். சர் தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ் 1887இல் இலங்கைக்கு வந்தவர். பையில் பத்து பவுணோடு வந்தார் என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை. ஆனால் அவருடைய தாய்வழிப் பாட்டனார் பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபு. தோட்டத்தில் தொடங்கியவர், கொழும்பில் பெரிய வணிக நிறுவனம் ஒன்றின் தலைவராகும் அளவுக்கு உயர்ந்தார். அவருடைய அப்பா கென்ட் பகுதியில் அடிசம் என்ற ஊரின் பாதிரியார். அந்த ஊர்ப் பெயரைத்தான் வீட்டுக்கு வைத்தார். அதே கென்ட்டில் உள்ள லீட்ஸ் கோட்டையை மனதில் வைத்துக் கட்டியது என்கிறார்கள். 1931இல் குடிபுகுந்தார். கருங்கல் சுவர், பர்மாத் தேக்கில் செய்த ஓடு, உயரமான புகைபோக்கி, ஒடுக்கமான நீள ஜன்னல். 1960களின் தொடக்கத்தில் அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் கைக்கு வந்தது. இன்று அது ஒரு துறவி மடம்.

மடம் என்பதை மறந்துவிட்டுப் போகிறவர்கள்தான் அங்கே சங்கடப்படுகிறார்கள். பார்வையாளர்கள் பார்க்கக்கூடியது வரவேற்பறையும் நூலகமும்தான். மேல்மாடிக்கு விடமாட்டார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. எங்களுக்கு முன்னால் போன ஒரு கூட்டம், "இவ்வளவுதானா?" என்று கேட்டுக்கொண்டு பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது. அப்படிப் பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் ஒரு நாற்காலியையும் புத்தக அலமாரியையும் நின்று பார்க்கப் பொறுமை இருந்தால் அந்த வீட்டில் வாழ்ந்த மனிதரின் ஏக்கம் தெரியும். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் தன் ஊரை அப்படியே கட்டிப் பார்த்திருக்கிறார். அம்மா பாலிஷ் போட்ட பலகைத் தரையில் செருப்பில்லாத காலோடு மெதுவாக நடந்தார். வெளியே வந்து, "நம்ம ஆளுகளும் அப்படித்தானே. எங்க போனாலும் ஒரு கல்ல நட்டு மாரியம்மானு கும்பிட்டாங்க" என்றார். துரையையும் எங்கள் ஆட்களையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேச அம்மாவால்தான் முடியும்.

மருமகன் என்னிடம் கேட்ட கேள்வி வேறு. "மாமா, கல் சுமந்தவங்க பேரு எங்கயாச்சும் எழுதியிருக்கா?" எங்கள் கண்ணில் எதுவும் படவில்லை. நான் சின்ன வயதில் கேட்ட அடிசம் கதையெல்லாம் பேய்க் கதை. மூடுபனி இறங்கிய ராத்திரியில் துரை குதிரையில் வருவார், லாடச் சத்தம் கேட்டால் லயத்து வரிசை வீட்டுக் கதவைத் திறக்கக் கூடாது என்பார்கள். இப்போது யோசித்தால் அந்தப் பேய்க் கதைக்குள்ளும் ஏதோ ஒரு நினைவு ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது. ராத்திரி ரோந்து வரும் துரைக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் சொன்ன கதைதானே அது.

கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள். துறவிகள் தங்கள் தோட்டத்துப் பழத்தில் செய்யும் ஜாமும் கோர்டியலும் விற்பார்கள். அதை வாங்கினால் மடத்துக்கும் உதவி. பக்கத்தில் இருப்பது தங்கமலைக் காடு. பறவைகளுக்காகப் பாதுகாக்கப்பட்ட காடு என்று பெயர்ப்பலகை சொல்லும். தங்கமலை என்ற தமிழ்ப் பெயர் எல்லா மொழிக்காரர் வாயிலும் அப்படியே வழங்குவதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த நாள் சீதா எலியா. பண்டாரவளையில் இருந்து வெலிமடைக்கு ஒரு பஸ், வெலிமடையில் நுவரெலியா பஸ். சீதையம்மன் கோயில் ரோட்டோரத்திலேயே இருக்கிறது. கண்டக்டரிடம் சொல்லிவைத்தால் வாசலிலேயே இறக்கிவிடுவார். நுவரெலியாவில் இருந்து வந்தால் ஐந்து கிலோமீற்றர் அளவுதான். 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்த பிறகு கோபுரம் புது வர்ணத்தோடு பளிச்சென்று இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் ஒரு ஓடை. அசோகவனத்தில் சீதை சிறையிருந்தபோது குளித்த ஓடை என்பது நம்பிக்கை. கரையில் உள்ள பாறையில் பெரியதும் சிறியதுமாகக் குழிகள். அனுமன் பாதம் என்று மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறார்கள்.

அங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். எங்கள் பக்கத்தில் நின்ற வயதான ஐயா ஒருவர் தன் பேத்திக்கு அந்தப் பாதத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அனுமன் முதலில் பேருருவில் வந்து மிதித்தது பெரிய குழி, சீதையம்மா பயப்படக் கூடாது என்று உருவத்தைச் சுருக்கி வைத்தது சின்னக் குழி. என் மருமகன் என்னைப் பார்த்தான். நான் உடனே, ஓடைத் தண்ணீர் சின்னக் கல்லைச் சுழற்றிச் சுழற்றிப் பாறையைக் குடைந்தால் இப்படித்தான் குழி விழும் என்று விளக்கம் கொடுத்துவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. ஐயா பேச்சை நிறுத்திக்கொண்டார். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே ஏறிப் போய்விட்டார்.

அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "அவரு ஒன்கிட்டயா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டார்.

நான் சொன்ன விளக்கத்தை இன்றும் தவறென்று நினைக்கவில்லை. சொன்ன இடமும் நேரமும் தவறு. அந்த ஐயா ஒரு பக்தியைக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இடையில் என் குரல் விழுந்ததால் அந்தக் கதையின் மீதி எனக்கும் கிடைக்காமல் போனது. அவர் மனதில் என்ன முடிவு இருந்ததோ. அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கதை சொல்கிறவர் முடிக்கும் வரை வாயைத் திறப்பதில்லை. முடித்த பிறகு, "இதை உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்கிறேன். அந்தக் கேள்விக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் அருமையான பகுதி. ஒரு தாத்தா வருவார், ஒரு வெள்ளம் வரும், கோயில் வெறும் தகரக் கூரையோடு இருந்த காலம் வரும். மருமகனுக்கு வீட்டுக்கு வந்த பிறகு, குழி விழும் விதத்தையும் சொன்னேன், கதையையும் சொன்னேன். அவன் இரண்டையும் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டான். ஒன்றை அழித்து மற்றதை எழுத வேண்டிய தேவை அவனுக்கு வரவில்லை.

மண்ணைப் பற்றியும் அங்கே ஒரு பேச்சு உண்டு. அனுமன் இலங்கையை எரித்த சாம்பல் கலந்ததால்தான் அந்தப் பக்க மண் கறுப்பு என்பார்கள். குளிரான உயர்ந்த மலையில் இலை தழை மெதுவாக மட்கி, மண்ணிலேயே சேர்ந்து கறுப்பாகும். உருளைக்கிழங்கும் கரட்டும் போடுகிற அந்த ஊர்த் தோட்டக்காரர்களுக்கு அந்த மண்ணின் அருமை தெரியும். "சாம்பல் பூமி, அதான் வெளைச்சல்" என்று ஒருவர் சொன்னபோது கதையும் விவசாயமும் ஒரே வாயில் வந்தன.

சீதா எலியாவில் இருந்து ஒரு கிலோமீற்றர் அளவு தள்ளி ஹக்கல பூங்கா. சிங்களத்தில் ஹக்க என்றால் தாடை, கல என்றால் பாறை. மூலிகை மலையை அனுமன் தாடையில் கவ்விக்கொண்டு வந்தார், அதில் ஒரு துண்டு இங்கே விழுந்தது என்பது ஊர்க் கதை. பூங்காவுக்குப் பின்னால் நிற்கிற பாறைமலையைப் பார்த்தால் அந்தக் கதை ஏன் பிறந்தது என்று புரியும். ஆச்சரியம் என்னவென்றால், 1861இல் வெள்ளைக்காரர்கள் இந்தத் தோட்டத்தைத் தொடங்கியதும் மருந்துக்காகத்தான். மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்து எடுக்கிற சிங்கோனா மரத்தை இங்கே பயிரிட்டுப் பார்த்தார்கள். மூலிகை விழுந்த மலை என்று கதை சொல்லும் இடத்தில் மருந்து மரம் நட்டிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் திவுரும்பொல. சீதை தீயில் இறங்கிச் சத்தியம் செய்த இடம் என்று சொல்லப்படும் இது இப்போது ஒரு பௌத்த விகாரை. பெயருக்கே சத்தியம் செய்த இடம் என்றுதான் பொருள். ஊர்ச் சண்டை, காணித் தகராறு வந்தால் இங்கே வந்து சத்தியம் பண்ணித் தீர்த்துக்கொள்வார்கள் என்று எங்களைக் கூட்டிப்போன ஆட்டோ அண்ணன் சொன்னார். அவர் சிங்களவர், அம்மாவை "அம்மே" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். தன் பாட்டி சொன்ன சீதை கதையை உடைந்த தமிழில் சொன்னார். அம்மா தன் கதையை உடைந்த சிங்களத்தில் சொன்னார். இரண்டு கதையும் பெரும்பாலும் ஒன்றுதான். ராவணனைப் பற்றி வரும்போது மட்டும் வேறுபட்டது. அவருக்கு ராவணன் இந்த மண்ணின் பெரிய அரசன். அம்மாவுக்கோ ராவணன் சிவபக்தன், வீணை வாசித்தவன், ஒரு பிழை செய்து கெட்டவன். இரண்டு பேரும் மற்றவர் மனம் நோகாமல் பேசி முடித்ததைக் கேட்டுக்கொண்டு வந்தது எனக்கு அந்தப் பயணத்தின் நல்ல அரைமணி நேரம்.

விகாரைக்குப் போகும்போது தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். செருப்பு, தொப்பி இரண்டையும் கழற்ற வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது. இது வெறும் மரியாதைப் பேச்சல்ல, பிரச்சினையில் மாட்டிக்கொள்வீர்கள். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எல்ல என்ற ஊரில் உள்ள ராவணன் அருவிக்கு ஒரு நாளை ஒதுக்கினோம். அருவி 25 மீற்றர் உயரம், வெல்லவாய ரோட்டோரத்திலேயே விழுகிறது. அதனால்தான் ஆபத்தும் அதிகம். பஸ்ஸில் இருந்து இறங்கிய வேகத்தில் பிள்ளைகள் பாறைக்கு ஓடுகிறார்கள். எங்கள் பிள்ளையும் ஓடினான். பாசி பிடித்த பாறையில் கால் சறுக்கி, முழங்கை தோல் உரிந்து, நல்ல காலம், ஒரு பள்ளத்தில் தண்ணீருக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்தான். அந்த இரண்டு நொடியில் என் உடம்பில் உயிர் இல்லை. அங்கே உயிர்கள் போயிருக்கின்றன, எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. மேல் மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கூடிவிடும். தண்ணீர் நிறம் கலங்கினால் அந்த நிமிஷமே கரைக்கு வந்துவிடுங்கள். குளிக்க வேண்டாம் என்பதுதான் என் முடிவான பேச்சு.

ராவணன் குகைக்கு நானும் மருமகனும்தான் ஏறினோம். நூற்றுக்கணக்கான படி, சில இடத்தில் படி என்று சொல்ல முடியாத கல். அம்மா கீழே கடையில் உட்கார்ந்துகொண்டார். சீதையை மறைத்து வைத்த குகை என்பது கதை. அகழ்ந்து பார்த்தபோது வரலாற்றுக்கு முந்தைய காலத்து மனிதர்கள் வாழ்ந்ததற்கான எச்சங்கள் கிடைத்தன என்பது ஆய்வு. குகை வாயில் நின்று எதிரே எல்லப் பாறையைப் பார்த்தபோது, ராவணனுக்கும் முன்னால் யாரோ ஒரு தாய் இதே மழைக்கு ஒதுங்கிப் பிள்ளையை மடியில் வைத்திருந்திருப்பாள் என்று தோன்றியது.

போகிற காலம் பற்றிக் கொஞ்சம். மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலையில் நுவரெலியா, ஹட்டன் பக்கம் நனைந்துகொண்டிருக்கும். அதே நாளில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கச்சான் என்ற வறண்ட காற்றும் வெயிலுமாக இருக்கும். இந்த ஊர்கள் இருக்கும் ஊவா மாகாணத்துக்கு மழை ஒக்டோபருக்குப் பிறகு, வடகீழ்ப் பருவத்தில். ஹப்புத்தளை இரண்டுக்கும் நடுவில் மலை முகட்டில் இருப்பதால் அங்கே எந்த மாதத்திலும் மதியத்துக்குப் பிறகு மூடுபனி ஏறிவிடும். காலை ஒன்பது மணிக்கு அங்கே இருந்தால்தான் எதையும் பார்க்கலாம். பெருமழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கோட்டை அங்கேயேதான் இருக்கும்.

ஈரக் காட்டுப் பாதையில் அட்டை ஏறும். கொழுந்து எடுக்கிறவர்கள் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போவார்கள். அதே வைத்தியம் போதும். கடித்தால் பிய்த்து இழுக்காமல் கொஞ்சம் உப்புப் போடுங்கள், விழுந்துவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட வேண்டியதில்லை.

கடைசி நாள் எந்தப் பட்டியலிலும் இல்லாத இடத்துக்குப் போனோம். அம்மா கேட்டார், அதனால் போனோம். நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் பழைய பெக்டரி. மெஷின் நின்று பல வருஷம். தகரம் கழன்று உள்ளே வானம் தெரிகிறது. சுவரோரமாக, நெல்லி மரத்தடியில் ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம். பெக்டரியில் பெரிய சக்கரம் ஓடத் தொடங்கிய காலத்தில், அது யாரையும் காவு வாங்காமல் இருக்க எங்கள் ஆட்கள் வைத்துக் கும்பிட்ட காவல் தெய்வம். ஊரில் இருந்து முனியாண்டியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள், இங்கே வந்து சக்கரத்துக்கு ஒரு முனியைக் கண்டுபிடித்தார்கள். மலையகத்துக்கே உரிய சாமி இது. பல தோட்டங்களில் இருக்கிறது. ஒரு சூலம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இரண்டு கல், யாரோ சமீபத்தில் ஏற்றிய சூடத்தின் கரி.

அம்மா முந்தானையால் கல்லைத் துடைத்தார். நான் போனில் ரெக்கோர்டரைப் போட்டு அவர் பக்கத்தில் வைத்தேன். மருமகன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, மேலே இடத்தின் பெயரை எழுதிவிட்டு, "எந்த வருஷம் அம்மாயி?" என்று கேட்டான்.

"வருஷம் கெடக்கட்டும்டா. மொதல்ல ஒங்க கொள்ளுத் தாத்தா கை ரோதையில மாட்டுன கதையச் சொல்றேன், எழுது" என்றார் அம்மா.

ரெக்கோர்டர் 47 நிமிஷம் ஓடியது.